ஒரு மாத ஓய்வும் ஒரு குடும்பத்தின் கணக்கும்

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டவுடனே செலவு என்ற எண்ணமும் உடன் எழுவது நடுத்தரக் குடும்பங்களின் இயல்பு. நீண்ட நாள் நோயுற்று எழுந்தவரைப் பார்த்து, "ஒரு மாதம் எங்கேயாவது குளிர்ந்த இடத்திற்குப் போய் இருந்து வாருங்கள்" என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டு வீடு திரும்புகிறவர் தம் மனைவியிடம் பாதியை மட்டுமே தெரிவிக்கிறார். மருந்தின் பெயரைச் சொல்கிறார். மாத ஓய்வைச் சொல்வதில்லை. மகளின் படிப்புச் செலவும், கூரைக்குப் போடவேண்டிய ஓடும், கூட்டுறவுச் சங்கத்துக் கடனும் அவர் கண்முன் நிற்கின்றன. இவற்றின் நடுவே பிறநாட்டில் ஒரு மாதம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்வது செல்வர்க்கே உரியது என்று அவர் முடிவு செய்துவிடுகிறார்.

அந்த முடிவு சரியானதுதானா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம். இலங்கையின் தமிழ்க் குடும்பம் ஒன்று குறைந்த செலவிற் சென்று தங்கக்கூடிய குளிர்ந்த பிறநாட்டு ஊர் எது என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது தமிழகத்தின் பழனி மலைத்தொடரில் அமைந்த கொடைக்கானல். மொழி தெரிந்த இடம். உணவு பழகிய உணவு. பயணமோ ஒரு நாளில் முடியக்கூடியது. ஆகவே அந்த ஊரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு மாத ஓய்வை எவ்வாறு திட்டமிடுவது என்பதை ஒழுங்காக நோக்குவோம்.

கொடைக்கானல் பிறந்த கதையே இதற்கு ஒரு நல்ல முன்னுரையாகும். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கியது 1816ஆம் ஆண்டில். அவர்களுட் சிலர் 1834இல் கடல் கடந்து மதுரைக்குச் சென்று அங்கே ஒரு புதிய மிஷனை நிறுவினர். மதுரைச் சமவெளியின் வெயிலும், வாந்திபேதி முதலிய நோய்களும் அவர்களை வாட்டின. நோய்க்கும் மரணத்துக்கும் இடையில் அகப்பட்ட அக்குடும்பங்கள் உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காகத் தாய்நாடு திரும்புவதென்றால், பாய்க்கப்பலில் மாதக்கணக்கான பயணம். அதற்குரிய காலமும் பணமும் சம்பளத்தில் வாழ்ந்த மிஷனரிமாரிடம் இருக்கவில்லை. எனவே, அருகிலிருந்த மலையையே அவர்கள் நாடினர். 1845இல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகள் எழுந்தன. ஆடம்பரம் நாடிய செல்வரால் அந்த ஊர் உண்டாகவில்லை. அளந்து செலவு செய்யவேண்டியிருந்தவர்கள் உயிரைக் காத்துக்கொள்வதற்காகத் தேடிய இடம் அது.

எனினும் அந்தக் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மோட்டார் வண்டி ஏறும் பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அமைந்தது. அதற்கு முன்பு மலையேறியவர்களிற் பலரை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துக் கூலியாட்கள் தோளிற் சுமந்து சென்றார்கள். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய தோளில் ஏறியே மலைக்குச் சென்றது. இக்காலத்தில் டோலி இல்லை. ஆயினும் குடும்பமாகச் சென்று தங்கும் ஓய்விலே அந்தச் சுமை யார் தோளில் இறங்குகிறது என்ற கேள்வி இன்றைக்கும் உரியதே. அதனைப் பின்னர் காண்போம்.

முதலில் எழக்கூடிய ஐயம் ஒன்றுண்டு. நுவரெலியா இருக்கக் கடல் கடந்து கொடைக்கானலுக்குப் போவானேன்? கேள்வி நியாயமானது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலின் உயரம் ஏறக்குறைய 2,100 மீற்றர். குளிர்ச்சியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குளிர்ந்த காற்று மட்டுமே தேவை என்றால் நுவரெலியாவோ, அதனினும் மிதமான குளிருடைய பண்டாரவளையோ போதும். கடவுச்சீட்டுச் செலவும் மிச்சம். ஆனால், வேலைப் பளுவினாலும் மனச்சுமையினாலும் களைத்துப்போனவர்களுக்குத் தூரமும் ஒரு மருந்தாகிறது. உள்நாட்டில் இருக்கும்வரை கந்தோரிலிருந்து ஆள் வரும். உறவினர் வீட்டுச் சடங்குக்கு அழைப்பு வரும். "இரண்டு நாள் வந்துவிட்டுப் போங்கள்" என்று சொன்னால் மறுக்க முடியாது. கடல் குறுக்கே இருக்கும்போது அந்த அழைப்புகள் தாமாகவே குறைந்துவிடுகின்றன. இந்த வேறுபாடு தமக்குத் தேவையா என்பதைக் குடும்பத்தினர் கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும். தேவையில்லை என்று தோன்றினால், உள்நாட்டு மலைக்குப் போவதில் எந்தக் குறைவும் இல்லை.

அடுத்தபடியாக உடம்பின் நிலையை நோக்கவேண்டும். 2,100 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மூச்சோடு உள்ளே செல்லும் பிராணவாயுவின் அளவும் அதற்கேற்பக் குறைகிறது. உடல்நலமுள்ளவர்களுக்கு இதனால் பெருந்துன்பம் நேர்வதில்லை. முதற் சில நாள் மேடேறும்போது மூச்சு வாங்கும், இரவில் உறக்கம் கலையும், அவ்வளவே. இதயநோய், கடுமையான ஆஸ்துமா, நுரையீரல் நோய், இரத்தச்சோகை ஆகியவை உள்ளவர்களின் நிலை வேறு. அவர்கள் வைத்தியரின் தெளிவான சம்மதமின்றி மலையேறலாகாது. "குளிர்ந்த இடம்" என்று வைத்தியர் சொன்னதை "உயர்ந்த மலை" என்று தாமாகவே பொருள் கொள்வது ஆபத்தாக முடியலாம். கொடைக்கானலில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. ஆயினும் பெரிய சிகிச்சைக்கு மதுரைக்கே இறங்கவேண்டும். அது ஏறக்குறைய 120 கிலோமீற்றர் மலைப்பாதையும் சமவெளிப் பாதையும் சேர்ந்த தூரம். அத்தகைய ஆபத்து உள்ளவர்கள் மலையடிவாரத்திலுள்ள குற்றாலம் போன்ற இடத்தைத் தெரிந்துகொள்வது நலம். தென்மேற் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அங்கே சாரலும் அருவியும் உண்டு. உயரத்தின் தொல்லை இல்லை.

வழக்கமாக உண்ணும் மருந்துகளை ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துச் செல்லவேண்டும். வைத்தியரின் சீட்டில் மருந்தின் வியாபாரப் பெயரோடு அதன் மூலப் பெயரும் எழுதப்பட்டிருத்தல் அவசியம். ஒரே மருந்து இலங்கையில் ஒரு பெயரிலும் இந்தியாவில் மற்றொரு பெயரிலும் விற்கப்படுகிறது. மூலப் பெயர் ஒன்றே இரண்டு நாட்டு மருந்துக்கடைகளிலும் செல்லும் நாணயம்.

காலத்தைத் தெரிந்தெடுப்பதிலேதான் செலவின் பெரும்பகுதி தீர்மானமாகிறது. சித்திரை, வைகாசி மாதங்களைக் கொடைக்கானலில் "சீசன்" என்பார்கள். சமவெளி வெயிலுக்கு அஞ்சித் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரண்டு வருங்காலம் அது. அறை வாடகை மிகவும் உயரும். பாதைகளில் வாகனங்கள் நெருங்கி நிற்கும். ஓய்வை நாடுபவருக்கும் சிக்கனத்தை நாடுபவருக்கும் அது ஏற்ற காலமன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்றின் பெருமழை. மண்சரிவினால் பாதை அடைபடுவதும் உண்டு. மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் கடுமையாகி, பள்ளமான இடங்களில் புல்லின்மேல் உறைபனி படியும். மாசி, பங்குனி மாதங்களோ மழை குறைந்து, பகலில் இளவெயிலும் இரவில் தாங்கக்கூடிய குளிரும் உள்ளவை, கூட்டமும் குறைவு. இளைப்பாறியவர்களுக்கும், விடுமுறையைத் தம் விருப்பப்படி பெறக்கூடியவர்களுக்கும் இக்காலமே சிறந்தது. பாடசாலை ஆசிரியர் ஆவணி விடுமுறையையே நம்பியிருந்தால், மழைக்குடையும் மேலுமொரு கம்பளி உடையும் எடுத்துச் சென்று அக்காலத்திலும் தங்கலாம்.

இனிப் பயண ஒழுங்குகள். கடவுச்சீட்டு இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். இலங்கையர் இந்தியாவின் மின்விசாவுக்கு இணையவழியாக விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாக்களிற் குறுகியது 30 நாள் உடையது. அந்த 30 நாள் முதலில் வந்திறங்கும் தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது. ஆகையால் 30 இரவுகளுக்குத் திட்டமிட்டுவிட்டுக் கடைசி நாளில் பஸ் வண்டி தாமதமாயிற்று என்று பதறுவதைவிட, 27 அல்லது 28 இரவுகளுக்குத் திட்டமிடுவது அறிவுடைமை. விண்ணப்பத்தை அரசாங்கத்தின் உரிய இணையத்தளத்தில் மட்டுமே செலுத்தவேண்டும். அதைப்போலவே தோற்றமளித்து மேலதிகக் கட்டணம் அறவிடும் தனியார் தளங்கள் உள்ளன. கட்டணமும் விதிகளும் மாறுவன. புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

முற்காலத்தில் இப்பயணம் கொழும்புக் கோட்டையில் இரவு வண்டி ஏறித் தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடி சேர்ந்து, மறுபடியும் புகையிரதம் ஏறுவதாக இருந்தது. 1914இல் தொடங்கிய அந்தக் கப்பல் வழி, 1964 டிசம்பரில் வீசிய பெருஞ்சூறாவளி தனுஷ்கோடியை அழித்ததோடு முடிந்தது. இக்காலத்தில் கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம் உண்டு. பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே. வடபகுதியினருக்குப் பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேசப் பயணத்துக்குத் திறக்கப்பட்டது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது நிறுத்தப்படுவதுண்டு. நோயிலிருந்து தேறுபவர் சீட்டின் விலையை மட்டும் நோக்கிப் பல வண்டிகள் மாறிச் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ளலாகாது. ஓரிடத்தில் மிச்சம் பிடித்த பணம் வழியில் ஓரிரவு தங்கும் செலவிலும் களைப்பிலும் போய்விடும்.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறும் பஸ் வண்டி நான்கு மணித்தியாலம் அளவில் கொடைக்கானலைச் சேரும். வளைவுகள் பல, வயிறு நிறைய உண்டபின் ஏறுபவர் துன்பப்படுவர். தனியார் மோட்டார் வாகனங்களில் மலையேறுவோர் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அரசாங்க பஸ்ஸிற் செல்லும் பிரயாணிக்கு அந்தக் கவலையும் இல்லை. கட்டணமும் மிகக் குறைவு. மலையில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களுக்குத் தடை உள்ளபடியால், வீட்டிலிருந்தே நல்ல உலோகக் குடுவை ஒன்றை எடுத்துச் செல்லவேண்டும்.

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. இந்தியாவில் பிறநாட்டாரைத் தங்கவைக்கும் விடுதிக்காரரும் வீட்டுக்காரரும் அவர்களுடைய விவரங்களை உரிய படிவத்தில் 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். சிறிய வீட்டுக்காரர் சிலர் இந்த ஒழுங்கை அறியார். வேறு சிலர் அதற்கு அஞ்சி இலங்கையரை ஏற்பதில்லை. இரவு ஏழு மணிக்குக் குளிரில் பெட்டியோடு நின்று இதை அறிவதைவிட, முன்பே தொலைபேசியில், "இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களை ஏற்பீர்களா? உரிய படிவம் நிரப்பித் தருவீர்களா?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடலாம்.

வாடகையை நாட்கணக்கில் பேசாது மாதக்கணக்கிற் பேசவேண்டும். கூட்டமில்லாத காலத்தில் அறை வெறுமையாகக் கிடப்பதிலும் ஒரு மாதம் நிலையாக ஆள் இருப்பது வீட்டுக்காரருக்கு இலாபமே. முதல் மூன்று நாளுக்கு மட்டும் ஓர் அறையை ஒழுங்கு செய்துகொண்டு, நேரிற் பார்த்தபின் மாத வீட்டைத் தீர்மானிப்பது நன்று. பார்க்கவேண்டியவை நான்கு: காலை வெயில் படும் சன்னல், வெந்நீர், சிறு சமையலிடம், சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் மேடு பள்ளம் அதிகமின்றி நடந்து செல்லக்கூடிய வழி. சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்குத் தெரியவேண்டும் என்ற ஆசைக்குத்தான் அதிக வாடகை கேட்கிறார்கள். பள்ளத்தாக்கை வெளியே சென்று இலவசமாகப் பார்க்கலாம். வெயில் படாத அறையின் ஈரத்தையோ ஒரு மாதம் முழுதும் அனுபவித்துத் தீரவேண்டும்.

பணக்கணக்கைத் தொடக்கத்திலிருந்தே இந்திய ரூபாவில் எழுதுவது நல்ல பழக்கம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 இலங்கை ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களில் 350 ரூபாவைக் கடந்ததை எவரும் மறந்திரார். நாணயத்தின் பெறுமதி அசையக்கூடியது. மலையில் வாங்கும் அரிசியின் விலை இந்திய ரூபாவிலேயே இருக்கும். கையிலுள்ள மொத்தத் தொகையை நூறு பங்காகக் கொள்வோம். போக்குவரத்து, விசா, பயணக் காப்புறுதி ஆகியவற்றுக்கு 25, வாடகைக்கு 35, உணவுக்கு 20, மருந்து, சலவை, உள்ளூர் பஸ் முதலியவற்றுக்கு 10, அவசரத்துக்கு 10. இந்தப் பிரிவு ஒரு வழிகாட்டியே. குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மாறக்கூடாதது ஒன்று உண்டு: இறுதிப் பத்துப் பங்கு தனி உறையில் இருத்தல் வேண்டும். அவசரம் நேராவிடின் அது அப்படியே வீடு திரும்பும்.

இந்தப் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா? வாங்கக்கூடாது என்பதே விடை. ஒழுக்கம் பற்றி இதைச் சொல்வதில்லை. மருத்துவம் பற்றியே சொல்லவேண்டியிருக்கிறது. கடனில் வாங்கிய ஓய்வில் ஒவ்வொரு நாளும் வட்டி கணக்கிடப்படும்; மனம் அமைதியடையாது. ஒரு மாதத்துக்குப் பணம் போதாதென்றால் மூன்று வாரம் தங்கலாம்; இவ்வாண்டு முடியாதென்றால், மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வேறாக வைத்து மறு ஆண்டு போகலாம். அவ்வாறு சேர்க்கும் காலத்திலேயே மனம் ஓரளவு தேறத் தொடங்கிவிடுகிறது.

இனி, முன்பு குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். சிக்கனத்துக்காகச் சமையலிடமுள்ள வீட்டை எடுத்தாயிற்று. அங்கே சமைப்பவர் யார்? வைத்தியர் ஓய்வு எழுதித் தந்தது கணவருக்கு. அவருடைய நோய்க்காலம் முழுதும் இரவில் கண்விழித்தவர் மனைவி. அவருக்கு எவரும் சீட்டு எழுதித் தரவில்லை. யாழ்ப்பாணத்துக் குசினியிலிருந்து கொடைக்கானல் குசினிக்கு அவரை மாற்றிவிட்டு, அதற்கு ஓய்வு என்று பெயரிட்டால், ஒருவர் தேறி வர மற்றவர் தேய்ந்து வருவார். குளிர்நீரில் மூன்று வேளையும் பாத்திரம் கழுவுவது சமவெளியிற் கழுவுவதைப் போன்றதன்று. குறைந்த செலவு என்று கணக்கில் எழுதப்படுவது பல வீடுகளில் அந்த அம்மையாரின் கூலியில்லாத உழைப்பே.

இதற்கும் திட்டத்திலேயே இடம் வைக்கவேண்டும். நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் வீட்டிற் சமைப்பது. காலையில் ரொட்டியும் பழமும் பாலும். மற்றொரு வேளை எளிய உணவுக்கடையில் இட்டிலியோ சாப்பாடோ என்று வகுத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் பிரயாணிகள் கூடும் இடத்து உணவுக்கடையிலும், ஊர்த் தொழிலாளர் உண்ணும் கடையில் விலை குறைவு. சூடான உணவும் கிடைக்கும். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை என்று புறப்படுமுன்பே பேசி முடிவு செய்தல் வேண்டும். தேறிவரும் நோயாளிக்கு இருந்தபடி காய் நறுக்குவது களைப்பைத் தராது. பயனுள்ளவன் என்ற எண்ணத்தையே தரும். வாரத்தில் ஒரு நாள் அடுப்பு மூட்டாத நாளாக இருக்கட்டும்.

மலைச் சமையலில் அறியவேண்டிய நுட்பமும் ஒன்றுண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். பருப்பு பழையது என்று கடைக்காரரைக் குறைகூறுவதிற் பயனில்லை. நீராவி அழுத்தத்தில் சமைக்கும் குக்கர் ஒன்று வீட்டில் உண்டா என்று வாடகை பேசும்போதே கேட்டுக்கொண்டால் எரிவாயுச் செலவும் நேரமும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கோவா முதலிய மலைக் காய்கறிகளும் பழங்களும் வாங்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டையும் அங்கே காணலாம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கினால் செலவும் நடையும் குறையும்.

ஒரு மாத நாட்களை எவ்வாறு கழிப்பது? முதல் மூன்று நாளும் ஒன்றும் செய்யாதிருப்பதே திட்டமாக இருக்கட்டும். உயரத்துக்கு உடம்பு பழகும்வரை மேடேறுதலும் பாரம் தூக்குதலும் வேண்டா. தண்ணீரையும் கஞ்சியையும் நிறையப் பருகவேண்டும். குளிர்ந்த காற்று வீசுவதால் வெயில் மென்மையானது என்று நம்பிவிடலாகாது. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் சூரியனின் புறஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலுப்பெறும். தொப்பியோ குடையோ தேவை. முதல் வாரத்தில் சிலருக்கு எரிச்சலும் காரணமற்ற சோர்வும் தோன்றும். நெடுங்காலம் ஓடிய இயந்திரம் நின்றபின்னும் சற்று நேரம் சூடாகவே இருப்பதைப் போன்றது அது. "பணம் செலவழித்து வந்தும் சுகமில்லையே" என்று அப்போது மனம் தளரவேண்டியதில்லை.

இரண்டாம் வாரத்தில் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கலாம். அந்த ஏரி இயற்கையானதன்று. மதுரை மாவட்ட அதிகாரியாக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863இல் ஓடையைத் தடுத்து அமைத்தது. சுற்றுப்பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர், பெரும்பாலும் சமமானது. முதல் நாள் கால்பங்கு, மறுநாள் அரைப்பங்கு என்று கூட்டிச் சென்றால், தேறிவரும் உடம்பின் வளர்ச்சியை அடிக்கணக்கில் அளந்து பார்க்கலாம். கட்டணம் ஒரு காசும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் சற்றுத் தூரமான இடங்களைப் பார்க்கலாம். 1899இல் நிறுவப்பெற்ற சூரிய ஆராய்ச்சி நிலையம் அங்கே உள்ளது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜோன் எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909இல் கண்டறிந்தது அந்த நிலையத்திலேதான். நகரிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியாரான லீலாவதி அம்மையார், கணவர் மறைந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், 1936இல் அதனை எழுப்பினார். அவ்வம்மையார் யாழ்ப்பாணத்துப் பெண் கல்விக்குத் துணை நின்றவர். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பழனி மலையும் சமவெளியும் தெரியும். மலைச்சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கவேண்டும். பூவைக் காணாதவர் செடியைக் கண்டு திரும்பலாம்.

எல்லா இடங்களையும் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்ற எண்ணமே பல விடுமுறைகளைக் கெடுக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, இடையிடையே ஒன்றுமில்லாத நாள் என்பது போதும். வீட்டோடு தொலைபேசியிற் பேசுவதற்கும் மாலையில் அரைமணி நேரம் குறித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை ஊரிலுள்ளோருக்கு முன்பே அறிவித்துவிட்டால், மற்ற நேரத்து மணியோசைக்கு மனம் திடுக்கிடாது.

நான்காம் வாரம் திரும்புவதற்கு ஆயத்தம். விடுமுறையால் பெறும் நலம் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் மங்கிவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இது மனத்தைத் தளர்த்தும் செய்தியாகத் தோன்றலாம். எச்சரிக்கையாகக் கொள்வதே பொருத்தம். திங்கட்கிழமை வேலை தொடங்கவேண்டுமெனின், வெள்ளிக்கிழமையே வீடு சேர்ந்துவிடவேண்டும். மலையிற் பழகிய ஒன்றிரண்டு வழக்கங்களையாவது ஊருக்குக் கொண்டுவரல் வேண்டும்: அதிகாலை நடை, இரவில் வேளையோடு உறங்குதல், மாலை அரைமணித் தொலைபேசி. இவற்றுக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

வீடு சேர்ந்த மறுநாள் கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து கணக்குப் புத்தகத்தைப் பார்க்கட்டும். எந்தச் செலவு வீண், எது பயனுள்ளது, அவசர உறையில் என்ன மிஞ்சியது என்று எழுதிவைத்தால் அடுத்த முறைக்கு அது வழிகாட்டும். பணத்தை எண்ணி முடித்தபின் இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவேண்டும்: இந்த ஒரு மாதத்தில் வீட்டில் உள்ள எல்லோரும் நன்றாக உறங்கினார்களா? மனைவியின் விடையும் கணவனின் விடையும் ஒன்றாக இருந்தால், அந்தக் குடும்பம் தன் பணத்தைச் சரியாகச் செலவிட்டிருக்கிறது. வேறாக இருந்தால், அடுத்த ஆண்டின் திட்டத்தை அந்த அம்மையாரின் விடையிலிருந்தே எழுதத் தொடங்கவேண்டும்.